ஓதாத தண்ணீர்

நன்னிலம்,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஹுமைராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை ஷஹ்பாஸும் பேத்தி அஃப்ரீனும் லீட்ஸில் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கத் துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும். நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அந்த வரியை நான் யோசிக்காமல் சொல்லி வந்திருக்கிறேன். இந்தத் தடவை சொல்ல வரவில்லை. நான் சுகமாக இருக்கிறேனா இல்லையா என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், கடைசியில் நானே உன்னைத் தேற்றிவிட்டு ஃபோனை வைப்பேன். அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். அதுவும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அம்மா லத்தீஃபா தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள், பார்த்ததைத் தம்பி ஜாஃபர் சாதிக்குக்குச் சொல்வாள், உன் மாமா உடனே உனக்குச் சொல்லிவிடுவான். உங்கள் மூன்று பேருக்கும் நடுவில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு மட்டும்தான் வந்து சேராது. கடையில் இப்போது பெரிய வேலையும் இல்லை. கத்திரி முடிந்து ஏசி வேலை குறைந்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் ஊரே வயலில் இருக்கிறது, இரண்டு பழைய ஃப்ரிட்ஜ் மட்டும் வாசலில் நிற்கின்றன.

ரமலானிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபத்தில் முன்பின்னாகப் போய்விடக் கூடாது. இந்த வருஷ நோன்பில் எனக்குத் தாகமே எடுக்கவில்லை என்று உன்னிடம் எத்தனை பெருமையாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. மொட்டை மாடியில் நின்று ஏசிக்கு கேஸ் ஏற்றிவிட்டு இறங்கி வருவேன், கூட வேலைக்கு வரும் இளவழகன் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பான், எனக்கு நாக்குகூட வறளாது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் நான் உட்காருவேன். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தொடாமல் தொழப் போவேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டிலும் அரை டம்ளருக்கு மேல் இறங்காது. ஜமாஅத்தில் உள்ளவர்கள், லியாகத் அலி பாய்க்கு அல்லாஹ் தனி சபுரைக் கொடுத்திருக்கான், வேற யாருக்கு இந்தப் பொறுமை வரும் என்றார்கள். ஒருநாள் நம் பள்ளிவாசல் இமாம் பயான் பேசும்போது பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அது அருள் என்றே நம்பினேன் ஹுமைரா. பெருநாள் முடிந்து ஆறு நோன்பையும் விடாமல் பிடித்ததற்கு அந்த நினைப்புதான் காரணம்.

அந்த ஆறு நோன்பில் ஒருநாள்தான் ரைஸ் மில் ஆபீஸில் ஏசியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று தெரியாமல் நின்றேன். சவூதியில் தம்மாமில் இருந்த காலத்திலிருந்து கையில் இருக்கிற சாமான் அது. இளவழகன் ஏதோ கேட்டிருக்கிறான், நான் அவனிடம் அரபியில் பேசினேனாம், அப்புறம் சரிந்துவிட்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஜாஃபர் பக்கத்தில் நின்றான். என்னடா எனக்கு என்றேன். வெயில்ல ரத்தத்துல உப்பு ஏறிடுச்சாம் மச்சான், இப்ப எறங்கிடுச்சு, பயப்பட ஒண்ணுமில்ல என்றான். தலையை ஸ்கேன் எடுத்தது எதற்கு என்றேன். விழுந்ததுல அடிபட்டிருக்கான்னு பாத்தாங்க, ஒண்ணுமில்ல என்றான். நான் நம்பினேன். மச்சான் சொன்னால் நம்பாமல் யார் சொன்னால் நம்புவது.

உப்பு ஏறிவிட்டது என்று கேட்டதும் உன் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாதா. வீட்டில் உப்பை ஒழித்தாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ஆணம், ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது, கருவாடு வாங்குவதே நின்றது. அவளுக்கும் அப்போது விவரம் தெரியாது, பிறகுதான் நீ சொல்லியிருக்கிறாய். தெரிந்த பிறகும் உப்பு திரும்பி வரவில்லை. வந்தால் நான் ஏன் என்று கேட்பேன் அல்லவா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ ஃபோனில் என்ன சாப்பிட்டீங்க அத்தா என்று கேட்டாய், நான் உப்புச் சப்பில்லாத சோறு என்று சிரித்தேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க அத்தா என்று சொன்னாய். மருந்துக்கடையில் நின்று வெள்ளைக்காரனுக்கெல்லாம் இந்த மாத்திரை எதற்கு என்று விளக்கமாகச் சொல்கிறவள் நீ. ரத்தத்தில் உப்பு கூடியது நான் தின்ற உப்பால் இல்லை, நான் குடிக்காத தண்ணீரால் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னை அந்தச் சோற்றைத் தின்ன விட்டாய்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். தண்ணீருக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஜாஃபர் ஒரு கேன் தண்ணீரோடு வந்து இறங்கினான். திருவாரூரில் அவன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத் யாசீன் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர், கேனில் கலந்திருக்கிறது, தினம் இரண்டு பாட்டில் ராத்திரி இஷா தொழுகைக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்றான். இருபது லிட்டருக்கா ஓதினார் என்று கேட்டேன். மக்காவுல இருந்து வர்ற ஸம்ஸம் தண்ணிய ஒரு குடத்துல கொஞ்சம் கலந்தா முழுக்க ஸம்ஸம்னு குடிக்கறதில்லையா, அது மாதிரிதான் மச்சான் என்றான். அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது, அந்தப் பதிலும் லீட்ஸிலிருந்துதான் வந்தது என்று இப்போது தெரிகிறது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லி, கிழக்கே திரும்பி உட்கார்ந்திருந்தால்கூட மேற்கே கிப்லா பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன். தாகம் இல்லாதவனுக்குத் தண்ணீர் குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. தொண்டையில் நிற்கும், குமட்டும். ஓதின தண்ணீர் என்பதற்காகக் குடித்தேன். காலையில் எடை பார்க்கும் மிஷினில் ஏறி நிற்கச் சொன்னார்கள், தொப்பையைக் குறைக்க என்றார்கள், நின்றேன். எடை குறைந்திருந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று உனக்குச் செய்தி போகும், உன்னிடமிருந்து இன்னொரு பாட்டில் என்று உத்தரவு வரும், உன் அம்மா இன்னிக்கு ஹஜ்ரத் விசேஷமா ஓதினதாம் என்று கொண்டுவந்து நீட்டுவாள். கத்திரி வெயிலில் விசேஷம் அடிக்கடி வந்தது.

உடம்பு தேறியது. தேறியதும் எனக்கு அந்த ஹஜ்ரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைச் சாமான் வாங்கத் திருவாரூர் போன அன்றைக்கு ஒரு கைலி, ஒரு துண்டு, நல்ல பழமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அஸருக்கு அந்தப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு, ஹஜ்ரத், உங்க தண்ணியிலதான் நான் எழுந்து நடக்கிறேன் என்றேன். அவர் சின்ன வயதுக்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தத் தண்ணி பாய் என்றார். ஜாஃபர் சாதிக் பெயரைச் சொன்னேன். அவர் ஜும்ஆவுக்கு வருவாங்க, தண்ணி ஒண்ணும் எங்கிட்ட வாங்கிட்டுப் போனதில்லீங்களே என்றார். என் முகம் என்ன ஆனதோ, பாவம், அவரே பதறிப்போய், இப்ப ஓதித் தரட்டுமா பாய், ரெண்டு நிமிஷம் உக்காருங்க என்றார். கைலியையும் பழத்தையும் அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் நன்னிலம் வருகிற வரைக்கும் எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சத்தம் போடாமல்தான் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, உங்க காதுல விழுந்தா பாதி உசுரு போயிடும்னு ஹுமைராதான் சொன்னா, டிசம்பர்ல அவ வந்து பக்குவமா சொல்றேன்னா என்றாள். எதை என்றேன். அழுதாளே தவிர அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைக்குள்ள ஒரு கட்டியாம் என்று கடைசியில் சொன்னாள். அன்றைக்கே இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. நம் தெருமுனையில் காய் விற்கிற பொன்னுத்தாய்க்கு மூட்டு வலி என்று அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொடுத்திருந்தேன், அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அவளிடம் போய், அது ஓதின தண்ணி இல்லம்மா, வெறும் தண்ணிதான், எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அதுக்கென்ன பாய், நீங்க குடுத்ததுன்னு நெனச்சுக்கறேன் என்றாள். நெருக்கமில்லாத ஒருத்தியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கத்தரிக்காய் எடை போடுகிற நேரம்தான் ஆனது. பெற்ற அப்பனிடம் சொல்ல உனக்கு டிசம்பர் வேண்டியிருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் வானதி என்று ஒரு பெண், உன்னைவிட வயது குறைவு. நோயாளி நான்தாம்மா, எங்கிட்ட சொல்லுங்க என்றேன். அவர் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார். உங்க கிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை கேட்டேன் சார், உங்க பொண்ணு ஃபோன்ல வேண்டாம்னுட்டாங்க என்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். மூளைக்கு அடியில், கண்ணுக்குப் பின்னால், பாதாம் பருப்பு அளவுக்கு ஹைப்போதலாமஸ் என்று ஒன்று இருக்கிறதாம். பேர் என் வாயில் வரவே கொஞ்ச நேரம் ஆனது. அதன் வழியாக ஓடுகிற ரத்தத்தை அது ருசி பார்த்துக்கொண்டே இருக்குமாம். ரத்தம் துளி கெட்டியானாலும் அதுக்குத் தெரிஞ்சிடும், தெரிஞ்சதும் ரெண்டு வேலை பண்ணும், உங்களுக்குத் தாகம் எடுக்க வைக்கும், கீழ இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வழியா கிட்னிக்கு ஆள் அனுப்பி இருக்கிற தண்ணிய வெளிய விடாதேன்னு சொல்லும், உங்களுக்கு ரெண்டாவது வேலை ஓரளவு நடக்குது, முதல் வேலைதான் நின்னு போச்சு என்றார்.

நான் என் தொழிலில் வைத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அது பழுதானால் உள்ளே எத்தனை சூடானாலும் மோட்டாருக்குத் தகவல் போகாது. வீட்டுக்காரர்கள் கம்ப்ரஸரைத்தான் திட்டுவார்கள். அவரிடம் சொன்னேன், கிட்டத்தட்ட சரி என்று சிரித்தார். ஆனால் அது குளிர் ஒன்றைத்தான் பார்க்கும், இது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும் என்றார். வெயிலில் நின்றால் வேர்க்க வைப்பதும் பனியில் நடுங்க வைப்பதும் இதுதானாம். பசியை எழுப்புவதும் அடக்குவதும் இதுதான், தூங்க வைப்பதும் விழிக்க வைப்பதும் இதுதான். சித்திரை மதியத்தில் நான் போர்வை கேட்டதும், கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்ததும், வயசாகிவிட்டது என்று நீங்கள் கேலி செய்ததும் எல்லாம் எனக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது. தாகம்னா தண்ணி குறையறது இல்ல சார், குறைஞ்சிடுச்சுன்னு மூளை நமக்குச் சொல்றது என்றார். ஜமாஅத் புகழ்ந்த என் சபுர் அவ்வளவுதான். சொல்ல வேண்டியது சொல்லாமல் இருந்தது, நான் அதை அருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னமே தெரிந்திருந்தால் சுகமில்லாதவனுக்கு நோன்பு கடமை இல்லை என்று எந்த ஹஜ்ரத்தும் சொல்லியிருப்பார்.

அந்தப் பாதாம் பருப்பை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அது சதை, அதன் மேல் ஒரு கட்டி உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. உன் மேல் எது உட்கார்ந்து அழுத்தியது ஹுமைரா. ஐம்பது டிகிரியில் தம்மாமில் கூரைமேல் நின்று வேலை பார்த்தவனுக்கு ஒரு வார்த்தையைத் தாங்க முடியாது என்று நீ எப்படி முடிவு செய்தாய். தண்ணீர் குடிக்க வைத்தது தப்பில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது, டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். தினம் இவ்வளவு குடிக்காவிட்டால் செத்துப்போவீங்க அத்தா என்று சொல்லியிருந்தால் மணி பார்த்துக் குடித்திருப்பேன். நீ என் ஈமானை, என் நம்பிக்கையை எடுத்து அதில் மருந்தைக் கலந்து எனக்கே ஊட்டினாய். ஓதின தண்ணீர் என்று நான் கண்ணை மூடிக் குடித்தபோதெல்லாம் நீங்கள் மூன்று பேரும் அது வெறும் தண்ணீர் என்று தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள், சரி. நான் குழந்தை இல்லை. உன் அம்மாவை மன்னித்துவிட்டேன், அவள் நீ சொன்னதைச் செய்தாள். ஜாஃபரோடு இன்னும் பேசவில்லை, பேசுவேன். உன்னோடுதான் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. வீட்டில் யார் எதை மறைத்தாலும் என் மகள் என்னிடம் மறைக்க மாட்டாள் என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஆபரேஷனை டிசம்பர் வரைக்கும் தள்ளிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் என் சார்பில் நீ சொல்லியிருக்கிறாய். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய், கட்டி புற்று மாதிரி தெரியவில்லை, மெதுவாகத்தான் வளரும் என்று அவர்களும் சொன்னார்கள். ஆனால் டாக்டர் வானதி அன்றைக்கு என் முன்னால் விரலை ஓரத்தில் ஆட்டி, தெரியுதா சார் என்று கேட்டார். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியவில்லை. நடுவில் வந்த பிறகுதான் தெரிந்தது. கடை ஷட்டரில் தோளை இடித்துக்கொண்டதும் சைக்கிள்காரன் மேல் மோதியதும் கவனக்குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், நோய் இருப்பது தெரிந்தால்தானே எது நோய் என்று சொல்ல முடியும். இனியும் காத்திருந்தால் ஓரத்தில் போனது நடுவுக்கும் வரும் என்றார். போன பார்வை முழுக்கத் திரும்புமா என்பதற்கு உறுதி தர முடியாதாம்.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன், நானே. மிலாது நபி கழிந்த வாரத்தில் ஆபரேஷன். மூக்கு வழியாகப் போய் எடுப்பார்களாம். தாகம் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை, ஆயுசு முழுக்கக் கடிகாரம் பார்த்துத்தான் குடிக்க வேண்டும், குடிப்பேன். இதைக் கவனமாகப் படி. கட்டியின் ஒரு பக்கம் அந்த ஹைப்போதலாமஸில் ஒட்டியிருக்கிறது. முழுக்கச் சுரண்டி எடுத்தால் மறுபடி வளர வாய்ப்பு குறைவு, ஆனால் அது அடிபட்டுவிட்டால் அடங்காத பசி, காய்ச்சல், மறதி, ஆளே மாறிப்போவதும் உண்டாம். ஒட்டியதை விட்டுவிட்டுக் கண் நரம்பை மட்டும் விடுவித்து, மிச்சத்துக்குக் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். கொஞ்ச காலமானாலும் நானாக இருக்க வேண்டும், உன் அம்மா பேர் ஞாபகம் இருக்க வேண்டும். உனக்கு முதலாவதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், நீ எதையும் அடியோடு பெருக்கித் துடைக்கிறவள்.

தண்ணீர் வேளா வேளைக்குக் குடிக்கிறேன், காலையில் எடையும் நானே பார்க்கிறேன், சாப்பாட்டில் உப்பு திரும்பி வந்துவிட்டது. அஃப்ரீனுக்குக் குளிர் ஆரம்பிக்கும் முன்பே காதுக்குத் துணி கட்டிப் பழக்கு, மாப்பிள்ளையை ஃபஜ்ர் தொழுகையை விட வேண்டாம் என்று சொல். பிஞ்சுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், கோபமாக இருக்கிற தகப்பனின் துஆவும் துஆதான். லீவு கேட்டு ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேர். வந்த பிறகு நான் கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல், ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் என்ன ஆனது என்று முதலில் எனக்குச் சொல், அப்புறம் உன் அம்மாவுக்குச் சொல். இதற்குமேல் உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை.

கிளம்பும்போது டாக்டர் வானதி கேட்டார், ஆபரேஷன் நடுவுல உங்களைக் கேக்க முடியாத நெலமையில ஒரு முடிவு எடுக்கணும்னா யாரைக் கேக்கட்டும் சார் என்று. உன் அம்மா பேரைச் சொல்லலாமா என்று நினைத்தேன், அவள் அழுவாள். ஜாஃபரை நினைத்தேன், அவன் உனக்கு ஃபோன் போடுவான். கடைசியில் உன் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டில் நான் எதைக் கேட்டேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அத்தா
லியாகத் அலி